வழக்கறிஞராக இருந்து சட்டமியற்றுநரான ஓர் அமெரிக்கரின் வாழ்க்கையை எழுதுவது எப்படி? பார்பரா ஜோர்டனை முன்வைத்து

அமெரிக்க அரசியலாளர்களைப் பற்றித் தமிழில் வரும் வாழ்க்கைக் குறிப்புகளில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை போல இருக்கின்றன. பிறந்த ஊர், படித்த கல்லூரி, வகித்த பதவிகள், பெற்ற விருதுகள், மறைந்த நாள் என எல்லாம் வரிசை தவறாமல் இடம்பெற்றிருக்கும். ஆனால் அந்த மனிதர் எதை, எப்படிச் செய்தார் என்று யாராவது கேட்டால் படித்தவரிடம் பதில் இருக்காது. வழக்கறிஞராகத் தொடங்கிச் சட்டமியற்றும் அவைக்குச் சென்றவர்களைப் பற்றிய கட்டுரைகளில் இந்தக் குறை இன்னும் பளிச்சென்று தெரியும். ‘சட்டம் பயின்றார்’ என்று ஒரு வரி இருக்கும், ‘பின்னர் அரசியலில் நுழைந்தார்’ என்று அடுத்த வரி இருக்கும். முன்னதற்கும் பின்னதற்கும் என்ன தொடர்பு என்று சொல்லும் மூன்றாவது வரியைத்தான் காண முடியாது.

அந்த மூன்றாவது வரியை எழுதுவதற்கான வழியைச் சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம். பொத்தாம்பொதுவாகச் சொன்னால் யாருக்கும் பயன்படாது என்பதால், டெக்சஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரைச் சேர்ந்த பார்பரா ஜோர்டன் (1936–1996) ஒருவரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அவர் வழக்கறிஞர், டெக்சஸ் மாநிலச் செனட்டில் 1967 முதலும், அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் 1973 முதல் 1979 தொடக்கம் வரையிலும் உறுப்பினர். அவரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அவருடைய புகழ் அன்று. அவர் வாழ்க்கையின் ஒவ்வொரு திருப்பத்துக்கும் பின்னால் ஒரு நீதிமன்றத் தீர்ப்போ ஒரு சட்டத் திருத்தமோ நிற்கிறது; ஆகவே எழுதப் பழகுகிறவருக்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது.

சொற்களை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள்

எழுத உட்காருவதற்கு முன்பே சில சொற்களுக்கு என்ன தமிழ் வைப்பது என்று முடிவு செய்துவிட வேண்டும். இல்லாவிட்டால் தகவல் சரியாக இருந்தும் வாசகர் தவறாகப் புரிந்துகொள்வார்.

‘காங்கிரஸ் உறுப்பினர் பார்பரா ஜோர்டன்’ என்று எழுதினால் நம் வாசகர் மனத்தில் முதலில் தோன்றுவது ஒரு கட்சி. எனவே முதல் முறை வரும்போது ‘அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ்’ என்று விளக்கிவிட்டு, அதன்பிறகு ‘பிரதிநிதிகள் சபை உறுப்பினர்’ என்றே எழுதுவது நல்லது. அதேபோல ‘செனட்டர்’ என்ற சொல்லைத் தனியாக விடக் கூடாது. அமெரிக்காவில் தேசியச் செனட் ஒன்று இருக்க, மாநிலங்களுக்கும் தனித்தனிச் செனட்டுகள் உண்டு. ஜோர்டன் வாஷிங்டன் செனட்டில் ஒருநாளும் அமர்ந்ததில்லை. நான் முதன்முதலில் எழுதிய வரைவில் ‘செனட்டர் ஜோர்டன்’ என்று மட்டும் எழுதிவிட்டு, எந்த ஆண்டுகளில் அவர் தேசியச் செனட்டில் இருந்தார் என்று ஒரு வாசகர் கேட்டபோதுதான் விழித்துக்கொண்டேன். தமிழ்நாட்டில் சட்ட மேலவை 1986-இல் கலைக்கப்பட்டுவிட்டதால், ஒரு மாநிலத்துக்கே இரண்டு அவைகள் இருக்கும் என்பது நம் இளைய வாசகர்களுக்கு இயல்பாகத் தோன்றாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

‘கவுன்டி’ என்பதை மாவட்டம் என்று மொழிபெயர்த்தால், தேர்தல் தொகுதியைக் குறிக்கும் அமெரிக்கச் சொல்லோடு அது மோதும். கவுன்டியைக் கவுன்டி என்றே விட்டு, மற்றதைத் தொகுதி என்று எழுதுவதுதான் தலைவலி இல்லாத வழி. ஜோர்டன் 1960-களில் ஹாரிஸ் கவுன்டியின் ‘கவுன்டி ஜட்ஜ்’ அலுவலகத்தில் நிர்வாக உதவியாளராக வேலை பார்த்தார். இதை ‘நீதிபதியின் உதவியாளர்’ என்று எழுதினால் முழுத் தவறு. டெக்சஸில் அந்தப் பதவிக்குப் பெயரில்தான் நீதி இருக்கிறதே தவிர, பெரிய கவுன்டிகளில் அது வரவுசெலவையும் சாலைகளையும் பார்த்துக்கொள்கிற, மக்களால் தேர்ந்தெடுக்கப்படும் நிர்வாகத் தலைமைப் பதவி.

முதனிலைத் தேர்தல் என்பதையும் விளக்காமல் விட்டுவிடாதீர்கள். ‘உட்கட்சித் தேர்தல்’ என்றால் நாம் கிளைச் செயலாளர் தேர்தலை நினைப்போம். அங்கே அது கட்சியின் வேட்பாளர் யார் என்பதை வாக்காளர்களே வாக்களித்து முடிவு செய்யும் தேர்தல். அக்காலத்து டெக்சஸில் ஜனநாயகக் கட்சியின் முதனிலைத் தேர்தலில் வென்றவர் பொதுத் தேர்தலில் தோற்பது அபூர்வம். உண்மையான போட்டி அங்கேதான் நடந்தது என்பது தெரியாவிட்டால் அவருடைய தோல்விகளும் புரியாது, வெற்றியும் புரியாது.

இன்னொரு பொறி, பெயரின் எழுத்துக்கூட்டல். ஜோர்டன், ஜார்டன் இரண்டும் வழக்கில் இருக்கின்றன. ‘ஜோர்டான்’ என்றால் அது மேற்கு ஆசிய நாடு. ஒன்றைத் தேர்ந்துகொண்டு கடைசிவரை மாற்றாமல் எழுதுங்கள்.

தாளை இரண்டாகப் பிரியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் பின்பற்றுவதாக இருந்தால் இதைப் பின்பற்றுங்கள். ஒரு தாளின் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் அவருடைய வாழ்க்கை நிகழ்ச்சிகளையும் வலப்பக்கம் அதே காலத்தில் சட்டத்தில் நடந்த மாற்றங்களையும் ஆண்டுவாரியாக எழுதுங்கள். ‘முதல் கறுப்பினப் பெண்’ என்ற தொடர் இடப்பக்கம் எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் நின்று, அதற்கு முந்தைய ஆண்டு வரை அது ஏன் நடக்கவில்லை என்பதற்கான விடையை வலப்பக்கத்தில் தேடுங்கள்.

ஜோர்டன் 1936 பிப்ரவரி 21 அன்று ஹூஸ்டனில் பிறந்து, கறுப்பின மக்கள் வாழ்ந்த ஐந்தாம் வார்டில் வளர்ந்தார். தந்தை கிடங்கு ஒன்றில் எழுத்தராக வேலை செய்தபடியே பாப்டிஸ்ட் திருச்சபையில் போதகராகவும் இருந்தார். இது இடப்பக்கம். 1944-இல், அவருக்கு 8 வயது நடந்தபோது, ஹூஸ்டனைச் சேர்ந்த லோனி ஸ்மித் என்ற கறுப்பினப் பல் மருத்துவர் தொடுத்த வழக்கில், ஜனநாயகக் கட்சியின் முதனிலைத் தேர்தலில் வெள்ளையர் மட்டுமே வாக்களிக்கலாம் என்ற டெக்சஸ் நடைமுறை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இது வலப்பக்கம். அந்தத் தீர்ப்பு இல்லாவிட்டால் பின்னாளில் ஜோர்டனுக்கு வாக்களித்த கறுப்பின மக்கள் முதனிலைத் தேர்தல் வாக்குச்சாவடியின் வாசலைக்கூட மிதித்திருக்க முடியாது.

அடுத்து வருவது ‘டெக்சஸ் சதர்ன் பல்கலைக்கழகத்தில் 1956-இல் பட்டம் பெற்றார்’ என்ற வரி. கட்டுரையாளர்கள் இதை ஒரு மூச்சில் கடந்துவிடுவார்கள். வலப்பக்கத்தைப் பாருங்கள். 1946-இல் ஹூஸ்டனில் தபால்காரராக இருந்த ஹெமன் ஸ்வெட் டெக்சஸ் பல்கலைக்கழகச் சட்டப் பள்ளியில் சேர விண்ணப்பித்தார். தோலின் நிறத்தைக் காரணம் காட்டி இடம் மறுக்கப்பட்டது. அவர் வழக்குத் தொடுத்ததும், அவரைச் சேர்த்துக்கொள்வதற்குப் பதிலாக மாநில அரசு 1947-இல் கறுப்பினத்தவருக்கென ஹூஸ்டனில் அவசர அவசரமாக ஒரு தனிப் பல்கலைக்கழகத்தை ஏற்படுத்தியது. 1951-இல் டெக்சஸ் சதர்ன் என்று பெயர் மாற்றப்பட்டது அந்த நிறுவனம்தான். 1950-இல் உச்ச நீதிமன்றம் ஸ்வெட்டைச் சட்டப் பள்ளியில் சேர்க்கும்படி உத்தரவிட்டது என்றாலும், இளங்கலை வகுப்புகளில் அந்த டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகம் கறுப்பின மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கியது 1956-இல்; அதாவது ஜோர்டன் தன் பட்டத்தை வாங்கிக்கொண்டு வெளியேறிய ஆண்டில். ஓர் அநீதியைத் தக்கவைப்பதற்காகக் கட்டப்பட்ட கல்லூரியில் அவர் படித்தார். அங்கேயே தாமஸ் ஃப்ரீமன் என்ற ஆசிரியரிடம் விவாதக் கலையைக் கற்று, ஹூஸ்டனுக்கு வந்த ஹார்வர்டு அணியோடு மோதிச் சமன் செய்த அணியில் இடம்பெற்றார். இரண்டும் ஒரே பத்தியில் வர வேண்டும். ஒன்றை விட்டு மற்றதைச் சொன்னால் கதை பொய்த்துவிடும்.

பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கச் சென்ற பிறகுதான், தனித்து ஒதுக்கப்பட்ட கல்வியில் கிடைத்த மிகச் சிறந்த பயிற்சிகூட மற்றவர்கள் பெற்ற பயிற்சிக்கு ஈடாக இல்லை என்பதைத் தான் உணர்ந்ததாக ஜோர்டன் பின்னாளில் எழுதினார். 1959-இல் சட்டப் பட்டம் பெற்று, மாசசூசெட்ஸ், டெக்சஸ் ஆகிய இரு மாநிலங்களின் வழக்கறிஞர் தேர்வுகளிலும் தேறினார். அமெரிக்காவில் வழக்கறிஞர் உரிமம் மாநிலத்துக்கு மாநிலம் தனி என்பதை இங்கே ஒரு வரியில் சொல்லிவிடலாம்.

இனி மிக முக்கியமான கட்டம். 1962-இலும் 1964-இலும் டெக்சஸ் மாநிலப் பிரதிநிதிகள் அவைக்குப் போட்டியிட்டு இரண்டு முறையும் தோற்றார். 1966-இல் மாநிலச் செனட்டுக்குப் போட்டியிட்டு வென்றார். ‘மனம் தளராமல் முயன்று வென்றார்’ என்று எழுதக் கை துறுதுறுக்கும், எழுதிவிடாதீர்கள். அந்த இரண்டு ஆண்டு இடைவெளியில் என்ன மாறியது என்று வலப்பக்கத்தைக் கேளுங்கள். தோற்ற இரு முறையும் ஹாரிஸ் கவுன்டி முழுவதிலும் உள்ள வாக்காளர்கள் வாக்களித்தார்கள்; கறுப்பின மக்கள் திரண்டு வந்து வாக்களித்தாலும் மொத்தக் கணக்கில் அது கரைந்துபோனது. 1960 மக்கள்தொகைக் கணக்கின்படி அந்தக் கவுன்டியில் 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். ஆயினும் எந்தக் கவுன்டிக்கும் ஒரு செனட்டருக்கு மேல் கூடாது என்று மாநில அரசியலமைப்பு தடுத்திருந்தது. மாநில அவைத் தொகுதிகள் மக்கள்தொகைக்கு ஏற்பவே அமைய வேண்டும் என்று 1964-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1965-இல் டெக்சஸ் எல்லைகளைத் திருத்தி வரைந்தது. ஹாரிஸ் கவுன்டிக்குக் கூடுதல் செனட் இடங்கள் கிடைத்தன. அவற்றில் 11-ஆம் தொகுதி ஜோர்டனின் ஐந்தாம் வார்டு வாக்காளர்களை உள்ளடக்கியதாக அமைந்தது. இதற்கிடையே, வாக்களிப்பதற்காக ஆண்டுதோறும் செலுத்த வேண்டியிருந்த வாக்குவரியும் ஒழிந்தது. டெக்சஸில் மாநிலத்துக்கு ஒன்றரை டாலரும், கவுன்டிக்கு 25 சென்ட் வரையிலும் கட்ட வேண்டியிருந்த அந்த வரி, தேசியத் தேர்தல்களில் 1964-இன் 24-ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தாலும், மாநிலத் தேர்தல்களில் 1966-இன் தொடக்கத்தில் வந்த நீதிமன்றத் தீர்ப்பாலும் நீக்கப்பட்டது. வீட்டு வேலைக்குப் போகிற ஒரு பெண்ணுக்கு ஒன்றே முக்கால் டாலர் என்பது பெரிய தொகை.

இதைச் சொன்னதும், எல்லாவற்றையும் நீதிமன்றமே தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்துவிட்டது என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது. 1960-இல் கென்னடி–ஜான்சன் அதிபர் தேர்தல் பணியின்போதே, ஹாரிஸ் கவுன்டியின் கறுப்பின வாக்குச்சாவடிப் பகுதிகளில் தெருத் தெருவாக ஆள் நிறுத்தி வாக்காளர்களைத் திரட்டும் ஏற்பாட்டைச் செய்தவர் ஜோர்டன். கதவை நீதிமன்றம் திறந்தபோது வாசலில் ஆயத்தமாக நின்றவர் அவர். 1883-க்குப் பிறகு டெக்சஸ் செனட்டில் அமர்ந்த முதல் கறுப்பினத்தவர் என்ற செய்தியை இப்போது எழுதினால், அந்த ‘முதல்’ என்ற சொல்லுக்குக் கனம் இருக்கும்.

தொழிலைப் பற்றி எழுதும் முறை

1960-இல் ஹூஸ்டன் திரும்பியவுடன் ஜோர்டன் நடத்திய வழக்கறிஞர் அலுவலகம் என்பது, பெற்றோர் வீட்டின் சாப்பாட்டு மேசைதான். இந்த ஒரு படம் போதும். அதை நீட்டி முழக்க வேண்டாம். பெரிய வழக்குகள் எதையும் அவர் நடத்தவில்லை, நடத்தியதாகக் கற்பனை செய்யவும் கூடாது. ஆனால் ஒரு வழக்கறிஞருக்கு அரசியல் ஏன் எளிதில் வாய்த்தது என்ற கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. டெக்சஸ் சட்டமன்றம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதிகபட்சம் 140 நாட்கள்தான் கூடும். உறுப்பினருக்கு அப்போது ஆண்டு ஊதியம் 4,800 டாலர். அதை மட்டும் நம்பி வாழ முடியாது. கூட்டத்தொடர் நடக்கும்போது கடையைச் சாத்திவிட்டு மாநிலத் தலைநகர் ஆஸ்டினுக்குப் போய், முடிந்ததும் திரும்பி வந்து தொழிலைத் தொடரக்கூடியவர்களுக்கே அந்தப் பதவி ஒத்துவரும். நிலக்காரர்களும் வணிகர்களும் வழக்கறிஞர்களும் அவையை நிறைத்திருந்ததற்கு இது ஒரு காரணம். நீங்கள் எழுதப்போகிற ஆளுமை வேறு மாநிலத்தவராக இருந்தாலும், அந்த மாநில அவை ஆண்டில் எத்தனை நாள் கூடியது, உறுப்பினருக்கு என்ன கொடுத்தது என்பதைத் தேடிப் பாருங்கள். முன்பு சொன்ன அந்த மூன்றாவது வரி பல நேரங்களில் அங்கேதான் கிடைக்கும்.

அவையில் என்ன செய்தார்?

ஒருவர் ‘மசோதாக்களைக் கொண்டுவந்தார்’ என்று எழுதினால் எதுவும் சொன்னதாகாது. அவையின் விதி என்ன, அந்த விதிக்குள் அவர் எதைச் சாதித்தார் என்று எழுதுங்கள். டெக்சஸ் செனட்டில் மொத்தம் 31 உறுப்பினர்கள். ஜோர்டன் நுழைந்தபோது மற்ற 30 பேரும் ஆண்கள்; அவர்களில் ஒருவர்கூடக் கறுப்பினத்தவர் இல்லை. அக்கால வழக்கப்படி ஒரு மசோதாவை விவாதத்துக்கு எடுக்கவே மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்பதால், 11 பேர் சேர்ந்தால் எதையும் நிறுத்திவைக்கலாம். வாக்காளர் பதிவைக் கடினமாக்கும் மசோதா ஒன்று வந்தபோது தன்னோடு நிற்க 10 பேரை ஜோர்டன் சேர்த்துக்கொண்டார், மசோதா எழவில்லை. மேடையில் முழங்கிய பெண்மணியாக மட்டுமே அவரை அறிந்தவர்கள் இந்தப் பதினொன்று கணக்கைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். கூட்டாட்சிச் சட்டத்தின் வரம்புக்குள் வராத தொழிலாளர்களுக்காக டெக்சஸில் இயற்றப்பட்ட முதல் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்திலும் அவருடைய பங்கு பெரிது.

1972 ஜூன் 10 அன்று அவர் ‘ஒருநாள் ஆளுநராக’ இருந்ததைப் பல கட்டுரைகள் தலைப்பிலேயே போடுகின்றன. ஆளுநரும் துணை ஆளுநரும் மாநிலத்துக்கு வெளியே செல்லும்போது செனட்டின் தற்காலிகத் தலைவர் அப்பொறுப்பை வகிக்கும் சம்பிரதாயம் அது. ஒரு வரி எழுதினால் போதும்.

அதைவிடக் கவனமாக எழுத வேண்டியது 1971-இன் தொகுதி மறுவரையறை. தொகுதி எல்லைகளை வரைந்த செனட் குழுவின் துணைத் தலைவராக ஜோர்டன் இருந்தார். ஹூஸ்டனின் நடுவே 18-ஆம் காங்கிரஸ் தொகுதி உருவானது. 1972-இல் அதில் அவரே வென்று வாஷிங்டன் சென்றார். அதே சமயத்தில் அவருடைய பழைய மாநிலச் செனட் தொகுதி கலைந்து சிதறியது. மாநில அவையின் கறுப்பின உறுப்பினரான கர்ட்டிஸ் கிரேவ்ஸ், தன் முன்னேற்றத்துக்காக ஜோர்டன் செனட் இடத்தை விலையாகக் கொடுத்துவிட்டார் என்று வெளிப்படையாகக் குற்றஞ்சாட்டி, முதனிலைத் தேர்தலில் அவரை எதிர்த்து நின்று, பெரும் வித்தியாசத்தில் தோற்றார். வாக்காளர்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள் என்று நாம் முடித்துவிடலாம்தான். ஆனால் 1973 முதல் 1983 வரை டெக்சஸ் செனட்டில் ஒரு கறுப்பின உறுப்பினர்கூட இல்லை என்பதும் உண்மை. இரண்டையும் அடுத்தடுத்து வைத்து எழுதுங்கள்; சமாதானம் சொல்ல முயலாதீர்கள்.

ஓர் உரையை அருகிலிருந்து படியுங்கள்

சட்டமியற்றுநரின் வாழ்க்கையில் எல்லா உரைகளையும் தொட்டுச் செல்வதைவிட, ஒன்றே ஒன்றை எடுத்து வரிவரியாகப் படிப்பது மேல். ஜோர்டனைப் பொறுத்தவரை அது 1974 ஜூலை 25 மாலை, பிரதிநிதிகள் சபையின் நீதித்துறைக் குழுவில் அதிபர் நிக்சன் மீதான குற்றச்சாட்டுகள் விவாதிக்கப்பட்டபோது அவர் ஆற்றிய உரை. 38 பேர் கொண்ட குழு. தலைவர் பீட்டர் ரொடினோ. தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பு.

உரையின் தொடக்கத்தைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். ‘மக்களாகிய நாம்’ என்று தொடங்கும் அரசியலமைப்பு 1787 செப்டம்பர் 17 அன்று நிறைவு செய்யப்பட்டபோது அந்த ‘நாம்’ என்பதில் தான் இல்லை என்றும், அதை உருவாக்கியவர்களான ஜார்ஜ் வாஷிங்டனும் அலெக்சாண்டர் ஹாமில்டனும் தவறுதலாகத் தன்னை விட்டுவிட்டார்கள் போலும் என்று பல ஆண்டுகள் நினைத்ததுண்டு என்றும், திருத்தங்களாலும் பொருள்விளக்கத்தாலும் நீதிமன்றத் தீர்ப்புகளாலும் தான் அதற்குள் வந்து சேர்ந்ததாகவும் அவர் சொன்னார். உங்கள் தாளின் வலப்பக்கம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கியிருப்பதைக் கவனியுங்கள்.

ஆனால் வழக்கறிஞர் வெளிப்படுவது அதற்குப் பிறகுதான். முதலில் ஒரு பொருட்பிழையைத் திருத்துகிறார்: குற்றஞ்சாட்டும் தீர்மானத்துக்கு வாக்களிப்பதாலேயே அதிபரை நீக்கியாக வேண்டும் என்று ஓர் உறுப்பினர் நம்புவதாக ஆகாது, குற்றஞ்சாட்டும் உரிமை பிரதிநிதிகள் சபைக்கும் தீர்ப்பளிக்கும் உரிமை செனட்டுக்கும் என்று அரசியலமைப்பு பிரித்துத்தான் வைத்திருக்கிறது. பிறகு 18-ஆம் நூற்றாண்டு விவாதங்களிலிருந்து ஓர் அளவுகோலை எடுத்து வைத்து, உடனே அதன் பக்கத்தில் நிக்சனின் செயலை வைக்கிறார். அதிபர் சந்தேகத்துக்குரிய ஒருவரோடு தொடர்புகொண்டு அவருக்குப் புகலிடம் தருவார் என்று கருத இடமிருந்தால் அவர்மீது குற்றஞ்சாட்டலாம் என்று அரசியலமைப்பை வடித்தவர்களில் ஒருவரான மேடிசன் வர்ஜீனியாவில் சொன்னது ஒரு பக்கம். எதிர்க்கட்சி அலுவலகத்தில் அத்துமீறி நுழைந்த வாட்டர்கேட் வழக்கில் சிக்கியவர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டதும் அது அதிபருக்குத் தெரிந்திருந்ததும் மறுபக்கம். இப்படி ஒன்றன்பின் ஒன்றாக அளவுகோலும் செயலும், அளவுகோலும் செயலும் என்று அடுக்கிச் செல்கிறார். வசைச்சொல் ஒன்றுகூட இல்லை. இந்தக் குற்றங்களையே அரசியலமைப்பின் குற்றஞ்சாட்டும் பிரிவு எட்டவில்லை என்றால், 18-ஆம் நூற்றாண்டின் அரசியலமைப்பை 20-ஆம் நூற்றாண்டின் காகிதம் கிழிக்கும் எந்திரத்தில் போட்டுவிடலாம் என்று இறுதியில் சொல்லும்போது, கேட்பவருக்குச் சிரிப்பதா திடுக்கிடுவதா என்று தெரிவதில்லை. நீதிமன்றத்தில் வாதுரை முடிக்கும் முறை இது. ‘அவர் சிறந்த பேச்சாளர்’ என்று எழுதுவதற்குப் பதிலாக இந்த அடுக்கை எழுதிக் காட்டுங்கள். உரையின் ஒலிப்பதிவு இணையத்தில் கிடைக்கிறது, கண்டிப்பாகக் கேளுங்கள். ஒவ்வோர் எழுத்தையும் முழுதாக ஒலிக்கும் அந்தக் கனத்த குரலைக் கேட்காமல் எழுதினால் எங்கோ ஓர் இடத்தில் அது காட்டிக்கொடுத்துவிடும்.

முடிவை எழுதும்போது இன்னொரு பொறி காத்திருக்கிறது. நிக்சன் பதவி நீக்கம் செய்யப்பட்டார் என்று தமிழில் அடிக்கடி எழுதுகிறார்கள், அது தவறு. ஜூலை 27 முதல் 30 வரை குழு மூன்று குற்றச்சாட்டுப் பிரிவுகளை நிறைவேற்றியது. முழுச் சபை வாக்களிப்பதற்கு முன்பே, ஆகஸ்ட் 9 அன்று நிக்சன் பதவி விலகினார். நீக்கவும் இல்லை, முறைப்படி முழுச் சபை குற்றஞ்சாட்டவும் இல்லை.

1976 ஜூலை 12 அன்று நியூயார்க்கில் ஜனநாயகக் கட்சி மாநாட்டில் முதன்மை உரையாற்றிய முதல் கறுப்பினத்தவர் என்ற செய்தி எல்லாக் கட்டுரைகளிலும் இருக்கிறது. நீங்களும் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, அதற்கு முந்தைய ஆண்டுக்குத் திரும்புங்கள். 1965-இன் வாக்குரிமைச் சட்டத்தில் மிக வலுவானது, தேர்தல் விதிகளை மாற்றுவதற்கு முன் மத்திய அரசின் அனுமதியைப் பெற வேண்டும் என்ற பிரிவு. அது டெக்சஸுக்குப் பொருந்தாமல் இருந்தது. 1975-இல் அந்தச் சட்டம் நீட்டிக்கப்பட்டபோது ஸ்பானிய மொழி பேசுவோர் போன்ற மொழிச் சிறுபான்மையினரையும் டெக்சஸையும் அதற்குள் கொண்டுவர உழைத்தவர்களில் ஜோர்டன் முன்னணியில் இருந்தார். 2013-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஏற்பாட்டைச் செயலிழக்கச் செய்யும் வரை, டெக்சஸில் வாக்குச்சாவடியை இடம் மாற்றக்கூட அனுமதி கேட்க வேண்டியிருந்தது. என் கணக்கில் மாநாட்டு உரையைவிட இது பெரிய காரியம்.

பாராட்டுரையாக மாறிவிடாமல்

ஒருவரைப் பற்றி மாதக்கணக்கில் படித்தால் அவர்மீது அன்பு வந்துவிடும். கட்டுரை அப்போதுதான் கெடத் தொடங்கும். அதைத் தடுக்க, அவருடைய ஆதரவாளர்களுக்கே உறுத்தலாக இருந்த செயல்களைத் தேடி எழுதுவது ஒரு வழி. 1975-இல் முன்னாள் டெக்சஸ் ஆளுநர் ஜான் கானலி லஞ்ச வழக்கில் நின்றபோது, அவருடைய நன்னடத்தைக்குச் சாட்சி சொல்ல ஜோர்டன் நீதிமன்றம் சென்றார். கானலி அப்போது கட்சி மாறி நிக்சன் பக்கம் போயிருந்தவர். கறுப்பினத் தலைவர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. கானலி விடுதலையானார்.

1990-களின் நடுவில் குடியேற்றச் சீர்திருத்தக் குழுவின் தலைவராக ஜோர்டன் இருந்தபோது, சட்டபூர்வக் குடியேற்றத்தை ஆண்டுக்கு 5,50,000 என்ற அளவுக்குக் குறைக்கவும், குடிமக்களின் உடன்பிறந்தவர்களுக்கான விசா வகையை எடுத்துவிடவும் அக்குழு பரிந்துரைத்தது. அண்ணன், தம்பி, அக்கா, தங்கைக்காக அந்த வகையில் மனுப் போட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே நிறைய உண்டு. காங்கிரஸ் அந்தப் பரிந்துரையை ஏற்காததால்தான் அந்த வரிசை இன்றும் நகர்கிறது. அதே ஜோர்டன், அமெரிக்க மண்ணில் பிறக்கும் குழந்தைக்குக் குடியுரிமை மறுக்கும் யோசனையைக் காங்கிரஸ் முன் கடுமையாக எதிர்த்தார். இன்று இரு தரப்பினரும் தங்களுக்கு வேண்டிய பாதியை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். நீங்கள் இரண்டு பாதியையும் எழுதுங்கள்.

உடல்நலத்தையும் அந்தரங்கத்தையும் எழுதும்போது நிதானம் வேண்டும். அவருக்குத் தண்டுவடமும் மூளையும் பாதிக்கப்படும் தண்டுவட மரப்பு நோய் (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்) இருந்தது. பதவியிலிருந்த காலத்தில் அதை வெளியில் சொல்லவில்லை. 1978-இல் மீண்டும் போட்டியிடாமல் ஒதுங்கியபோது நோயைக் காரணமாகச் சொல்லவும் இல்லை. ஆகவே ‘நோயின் காரணமாக அரசியலைத் துறந்தார்’ என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். ஆஸ்டினில் நீண்டகாலத் தோழி ஒருவரோடு வாழ்ந்தார். அந்த உறவைப் பற்றி அவர் பொதுவெளியில் பேசியதில்லை, அவர் மறைவுக்குப் பிறகே ஏடுகள் எழுதின. அந்த அளவோடு நிறுத்துவது போதுமானது.

எங்கே தேடுவது, எப்படி நம்புவது

பதவிக்காலத் தேதிகளுக்குக் காங்கிரஸின் அதிகாரபூர்வ வாழ்க்கைக் குறிப்பகராதியைப் பாருங்கள். அவையில் பேசியதற்கு 1873 முதல் வெளிவரும் காங்கிரஸ் நடவடிக்கைப் பதிவேடு இருக்கிறது. குழுவில் பேசியதற்குக் குழு விசாரணைத் தொகுதிகளைப் பார்க்க வேண்டும், இரண்டும் வேறு. மாநில அவைப் பணிக்கு ஆஸ்டினில் உள்ள சட்டமன்ற ஆய்வு நூலகம் உதவும். ஜோர்டனின் சொந்தத் தாள்கள் அவர் படித்த டெக்சஸ் சதர்ன் பல்கலைக்கழகத்திலேயே ஆவணக் காப்பகமாக இருக்கின்றன.

1979-இல் அவர் ஓர் எழுத்தாளரோடு சேர்ந்து தன்வரலாறு ஒன்றை வெளியிட்டார். அதை வழக்கில் ஒரு தரப்புச் சாட்சியைக் கையாள்வதைப் போலக் கையாளுங்கள். அவர் எதை உணர்ந்தார் என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை. என்ன நடந்தது, எப்போது நடந்தது என்பதற்கு அவைப் பதிவுகளையும் அன்றைய நாளேடுகளையும் வைத்துக் குறுக்கு விசாரணை செய்தே தீர வேண்டும். குறிப்பாக ஓர் உறுப்பினர் ஒரு மசோதாவை ‘ஆதரித்தார்’, ‘முன்மொழிந்தார்’, ‘இணைந்து முன்மொழிந்தார்’ ஆகிய மூன்றும் வெவ்வேறு செயல்கள். பதிவேட்டில் எது இருக்கிறதோ அதை மட்டும் எழுதுங்கள்.

கட்டுரையின் கடைசிப் பத்தியில் ஆசிரியப் பணியை விட்டுவிடாதீர்கள். பதவியிலிருந்த ஆண்டுகளைவிட அதிக ஆண்டுகள், ஆஸ்டினில் லிண்டன் ஜான்சன் பெயரிலான பொதுவிவகாரப் பள்ளியில் அவர் பாடம் நடத்தினார். 1994-இல் அதிபர் கிளின்டன் வழங்கிய சுதந்திரப் பதக்கத்தை ஒரு வரியில் சொல்லுங்கள். தபால் தலையும் விமான நிலைய முனையமும் அடைப்புக்குறிக்குள் அடங்கும். 1996 ஜனவரி 17 அன்று 59 வயதில் ஆஸ்டினில் காலமான அவர், டெக்சஸ் மாநிலக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்ட முதல் கறுப்பினப் பெண். இந்த ‘முதல்’ வரும் இடத்திலும் தாளின் வலப்பக்கத்தை ஒருமுறை பாருங்கள்: அடிமை முறையைக் காக்கப் போரிட்ட கூட்டமைப்புப் படையின் வீரர்களும் அவர்களுடைய மனைவியருமாக 2,000-க்கும் மேற்பட்டோர் அதே தோட்டத்தில் புதைக்கப்பட்டிருக்கிறார்கள். அதையும் சேர்த்து எழுதிவிட்டுக் கட்டுரையை முடித்துக்கொள்ளுங்கள்.